கப்பல் ஏறிய ஊர் சொந்த ஊர் ஆகாது: அயர்லாந்தில் வேர் தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

என் சம்பந்தியம்மா பாஸ்டன் பக்கம் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மாவைப் பெற்ற பாட்டி, கல்யாணத்துக்கு முன்பே அயர்லாந்திலிருந்து தனியாகக் கப்பலில் வந்தவர். "பாட்டி கார்க்கிலிருந்து வந்தாங்க" என்பது அந்த வீட்டில் மூன்று தலைமுறையாகப் புழங்கும் பேச்சு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, பாட்டி ஊரைப் பார்த்தே தீருவேன் என்று சம்பந்தியம்மா கிளம்பினார். என் மகளும் மருமகனும் துணைக்குப் போக, நானும் ஒட்டிக்கொண்டேன். கார்க் கவுண்டியில் ஒன்பது நாள் சுற்றினோம். கோவ் துறைமுகத்தில் நின்று கண் கலங்கினோம். மூன்று கல்லறைத் தோட்டங்களில் முழங்கால் நனையப் புல்லை விலக்கிப் பெயர் படித்தோம். பாட்டியின் குடும்பப்பெயர் போட்ட மதுக்கடை வாசலில் நால்வரும் நின்று படமும் எடுத்துக்கொண்டோம்.

பாட்டி கார்க்கில் இருந்தது, அதிகம் போனால் கப்பலுக்காகக் காத்திருந்த சில நாட்கள்தான். அவர் பிறந்தது அங்கிருந்து இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, வடக்கே மேயோ கவுண்டியில். இது ஊர் திரும்பி ஏழெட்டு மாதம் கழித்துத் தெரியவந்தது. இரண்டாவது தடவை போனபோது சரியான ஊருக்குப் போனோம். இரண்டு பயணத்துக்கும் நடுவில் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் வீடுகளில் ஐரிஷ் வம்சாவளி மருமகன்களும் மருமகள்களும் இப்போது அபூர்வம் இல்லை. அயர்லாந்தில் வேலை பார்க்கும் தமிழர்களிடமும் "எங்க பாட்டி ஊரைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்று அமெரிக்க நண்பர்கள் கேட்பதுண்டு.

துறைமுகத்தை ஊர் என்று நம்புவது

கார்க் துறைமுகத்தில் இருக்கும் கோவ் ஊருக்கு 1849 முதல் 1920 வரை குயின்ஸ்டவுன் என்று பெயர். விக்டோரியா ராணி வந்து இறங்கியதற்காக வைத்த பெயர். அமெரிக்கா போன லட்சக்கணக்கான ஐரிஷ்காரர்கள் கடைசியாக மிதித்த சொந்த மண் அது. அதனால் அவர்கள் பிள்ளைகளிடம் சொன்ன கதையில் "குயின்ஸ்டவுன், கார்க்" என்பது நின்றுவிட்டது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயா போனவர்கள் எல்லாரும் நாகப்பட்டினத்துக்காரர்கள் ஆகிவிடுவார்களா? எங்கள் வீட்டிலேயே பினாங்கு போன ஒரு பெரியப்பா கதை இருக்கிறது. இருந்தும் இது எனக்கு முதலில் உறைக்கவில்லை.

கதையைச் சரிபார்க்கும் இடம் அயர்லாந்து இல்லை, அமெரிக்காதான். அங்கே இருக்கும் காகிதங்களைத் தீர்த்த பிறகே டிக்கெட் போட வேண்டும். எங்களுக்கு வழி திறந்தது கப்பல் பயணிகள் பட்டியலில். 1907 வாக்கிலிருந்து அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்த கப்பல்களின் பட்டியலில் ஒரு கட்டம் உண்டு: புறப்பட்ட நாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினர் பெயரும் முகவரியும். பாட்டி வந்தது 1909-இல். கட்டத்தில் அப்பா பெயர், ஒரு சின்ன ஊர்ப்பெயர், அடுத்து 'மேயோ'. அந்த ஒரு வரி முன்பே கையில் இருந்திருந்தால் ஒன்பது நாளும் மிச்சம், நாலு பேர் செலவும் மிச்சம்.

அதற்கு முந்தைய காலத்தில் வந்தவர்களுக்கு இந்தக் கட்டம் உதவாது. அவர்களுக்கு வேறு தடயங்கள் உண்டு. இறப்புச் சான்றிதழில் பெரும்பாலும் 'அயர்லாந்து' என்று ஒற்றைச் சொல்தான் இருக்கும். கல்லறைக் கல்லில் சில சமயம் பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி), கவுண்டி இரண்டும் வெட்டியிருப்பார்கள். பழைய இரங்கல் குறிப்புகளையும், அமெரிக்கக் கத்தோலிக்கத் தேவாலயங்களின் திருமணப் பதிவுகளையும் பார்க்க வேண்டும். பாஸ்டனின் 'பைலட்' பத்திரிகை 1831 முதல் 1921 வரை 'காணாமல் போன நண்பர்கள்' என்று விளம்பரம் வெளியிட்டு வந்தது. "இன்ன பங்கில் பிறந்த என் தம்பி, கடைசியாக ரயில் பாதை வேலையில் இருந்தான், தெரிந்தவர்கள் எழுதவும்" என்கிற மாதிரி. ஊர்ப்பெயர் சொல்லித் தேடிய விளம்பரங்கள் என்பதால் வேர் தேடுகிறவர்களுக்கு அது பொக்கிஷம். நியூயார்க்கில் குடியேறியவர்களுக்காக 1850-இல் தொடங்கிய எமிகிரண்ட் சேவிங்ஸ் பேங்க், கணக்குத் திறந்தவர்களின் பிறந்த ஊரையும் பெற்றோர் பெயரையும் எழுதி வைத்தது. ஆளை அடையாளம் காண்பதற்காக வங்கி எழுதிக்கொண்டது இன்று பேரன் பேத்திகளுக்கு உதவுகிறது.

கவுண்டி பெயர் மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைப்பது

முப்பத்திரண்டு கவுண்டிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. "தஞ்சாவூர் மாவட்டத்தில் சுப்பிரமணியன் என்று ஒருவர் இருந்தாராமே" என்று விசாரித்தால் என்ன பதில் வரும்? அதே பதில்தான் அங்கேயும்.

அயர்லாந்தில் கடைசிப் பிரிவின் பெயர் டவுன்லேண்ட். பெயரில் 'டவுன்' இருப்பதைப் பார்த்துக் கடைத்தெருவைக் கற்பனை செய்துவிடாதீர்கள். பத்துப் பதினைந்து வீடு, சுற்றிலும் மேய்ச்சல் நிலம், அவ்வளவுதான். சில டவுன்லேண்டுகளில் இன்று ஒரு வீடுகூடக் கிடையாது. நாடு முழுவதும் அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. பாலி என்று தொடங்கும் பெயர்களும் கில் என்று தொடங்கும் பெயர்களும் மறுபடி மறுபடி வரும். பாலி என்பது பெரும்பாலும் ஐரிஷ் மொழியில் ஊர். கில் என்பது தேவாலயமாகவும் இருக்கலாம், காடாகவும் இருக்கலாம். ஒரே கவுண்டிக்குள் ஒரே பெயரில் நாலைந்து டவுன்லேண்டுகள் இருப்பது சாதாரணம். எந்தப் பங்கைச் சேர்ந்தது என்று தெரிந்தால்தான் பிடிக்க முடியும். இதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது: அரசு எழுதும் 'சிவில் பங்கு' வேறு, கத்தோலிக்கப் பங்கு வேறு. இரண்டுக்கும் எல்லையும் பொருந்தாது, பல இடங்களில் பெயரும் பொருந்தாது.

எழுத்துக்கூட்டலும் தொல்லை. 1820-களிலும் 30-களிலும் ஆர்ட்னன்ஸ் சர்வே ஆட்கள் நாடு முழுக்க அளந்து வரைபடம் போட்டபோது, ஐரிஷ் பெயர்களை ஆங்கில எழுத்துக்கூட்டலில் நிலைநிறுத்தினார்கள். தாத்தா பாட்டி சொன்ன பெயர் வரைபடத்தில் வேறு மாதிரி இருக்கும். ஐரிஷ் பேசும் பகுதிகளான கேல்டாக்ட்டில் வழிகாட்டிப் பலகைகளில் ஐரிஷ் பெயர் மட்டுமே இருக்கும். கையில் ஆங்கிலப் பெயர், பலகையில் வேறு பெயர் என்று முச்சந்தியில் நின்று முழிக்க வேண்டியதுதான். லோகனிம் என்ற அரசு ஊர்ப்பெயர்த் தளத்தில் இரண்டு வடிவத்தையும் பார்த்து, முன்கூட்டியே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மலை ஓரங்களில் போனில் சிக்னல் போய்விடும்.

"1922-இல் எல்லாம் எரிந்துபோச்சு"

இந்த வாக்கியத்தை யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மை. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1922 ஜூன் 30 அன்று, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. நூற்றாண்டுக் கணக்கிலான உயில்கள், நீதிமன்றப் பதிவுகள், 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி, அயர்லாந்து திருச்சபை என்ற ஆங்கிலிக்கன் சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேல், எல்லாம் சாம்பல்.

எல்லாப் பழியையும் அந்தத் தீயின் மேல் போடவும் முடியாது. 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களை எண்ணி முடித்ததும் அரசே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலக் காகிதத் தட்டுப்பாட்டில் கூழாயின. மிஞ்சிய 1901, 1911 கணக்கெடுப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் முழுசாக, இலவசமாகக் கிடைக்கின்றன. 1921-இல் விடுதலைப் போர் நடந்ததால் கணக்கெடுப்பே இல்லை.

தீயில் சிக்காதவை நிறைய. கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் தப்பின. சுமார் 1880 வரையிலான அவற்றின் படங்களைத் தேசிய நூலகம் 2015-இல் இணையத்தில் இலவசமாக வைத்தது. ஆனால் அந்தத் தளத்தில் ஆள் பெயர் போட்டுத் தேட முடியாது. பங்கைத் தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பங்குப் பெயர் வேண்டும் என்று நான் அரற்றுவது இதற்காகவும்தான். அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு எல்லாருக்கும் 1864-இல் தொடங்கியது. நூறு வருடம் தாண்டிய பிறப்பு, எழுபத்தைந்து தாண்டிய திருமணம், ஐம்பது தாண்டிய இறப்பு ஆகியவற்றை ஐரிஷ் ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் அசல் பக்கத்தோடு பார்க்கலாம். இதற்கும் காசு கிடையாது.

அப்புறம் கிரிஃபித் மதிப்பீடு. 1847-க்கும் 1864-க்கும் இடையில், வரி போடுவதற்காக, எந்த டவுன்லேண்டில் யார் எவ்வளவு நிலம் வைத்திருக்கிறார், யாருக்குக் குத்தகை கொடுக்கிறார் என்று எழுதிய ஏடு. 1840-களின் பெரும்பஞ்சத்துக்குப் பிறகு யார் மிஞ்சினார்கள் என்பதற்கு ஏறக்குறைய ஒரே சாட்சி இதுதான். ஒரே டவுன்லேண்டில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் அப்பா பெயரைப் பக்கத்தில் சேர்த்திருப்பார்கள். சம்பந்தியம்மாவுக்கு இது புதிராக இருந்தது. "இது எங்க இனிஷியல்தாங்க" என்றேன்.

இத்தனையும் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். முதல் பயணத்தில் டப்ளினில் இரண்டு முழு நாளை, மடிக்கணினியில் பார்த்திருக்க வேண்டியதை ஒரு வாசிப்பு அறையில் பார்த்துக் கழித்தோம். வெளியே நல்ல வெயில், அந்த ஊரில் அது தினம் வருவதில்லை. டப்ளினில் இணையத்தில் இல்லாததைத்தான் பார்க்க வேண்டும். முக்கியமாக, கிரிஃபித்துக்குப் பிறகு அந்த நிலம் யார் யார் கைக்கு மாறியது என்று வண்ண மையில் அடித்து அடித்துத் திருத்திய மதிப்பீட்டுப் புத்தகங்கள். பல ஊர்களுக்கு அவை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதிவரைக்கும் வருகின்றன. பாட்டியின் அப்பாவுக்குப் பிறகு அந்த இடம் அண்ணன் மகனுக்குப் போய், பின் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போனது என்பதை அதில்தான் பிடித்தோம். அந்தப் பக்கத்து வீட்டுப் பெயர்தான் கடைசியில் எங்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டது.

பெயர் ஒன்றானால் ரத்தமும் ஒன்றா?

பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் வால்ஷ். அயர்லாந்தில் அதிகம் புழங்கும் நாலைந்து குடும்பப்பெயர்களில் ஒன்று. ஐரிஷ் மொழியில் அது வேல்ஸ்காரன் என்ற பொருளில் வரும். நார்மன்கள் வந்த காலத்தில் வேல்ஸ் பக்கமிருந்து வந்து இறங்கியவர்களை அங்கங்கே இருந்தவர்கள் அப்படி அழைத்தார்கள். ஆக, ஒரு வால்ஷுக்கும் இன்னொரு வால்ஷுக்கும் எந்த உறவும் இருக்க வேண்டியதில்லை. மேற்கில் பலர் அதை 'வெல்ஷ்' என்றே உச்சரிப்பார்கள். கப்பல் பட்டியலிலும் வெல்ஷ் என்றுதான் எழுதியிருந்தது. வால்ஷ் என்று தேடி முதல் தடவை தவறவிட்டதற்கு அதுவே காரணம்.

ஓ, மக் என்ற முன்னொட்டுகளையும் நம்பக் கூடாது. ஆங்கில ஆட்சியில் பலர் அவற்றை உதிர்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மொழிப் பற்று தலையெடுத்தபோது மறுபடி ஒட்டிக்கொண்டார்கள். அண்ணன் சல்லிவன், தம்பி ஓ'சல்லிவன் என்று இருப்பதில் வியப்பில்லை. மேற்கு அயர்லாந்தின் கானமாராவில் கிங் என்று பெயர் இருந்தால் இங்கிலாந்துக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மக் கன்ரீ என்ற ஐரிஷ் பெயரின் ஆங்கில வேடம் அது. நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்த இடம் எல்லிஸ் தீவு. "எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிட்டான்" என்ற கதையையும் மூட்டை கட்டி வைக்கலாம். பெயர்ப் பட்டியல் புறப்பட்ட துறைமுகத்திலேயே கப்பல் கம்பெனி எழுதியது. எல்லிஸ் தீவில் அதை வைத்து ஆளைச் சரிபார்த்தார்கள்.

பெயர் ஒற்றுமை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்குக் கோவ் துறைமுகத்திலேயே சாட்சி இருக்கிறது. எல்லிஸ் தீவு 1892 ஜனவரி 1 அன்று திறந்தபோது முதலில் பதிவானவர் ஆனி மூர் என்ற கார்க் சிறுமி. இரண்டு தம்பிகளோடு குயின்ஸ்டவுனில் கப்பல் ஏறியவர். கோவ் கரையில் அவர்கள் மூவருக்கும் சிலை இருக்கிறது. அந்த ஆனி பிறகு டெக்ஸாஸ் போய், டிராமில் அடிபட்டு இறந்ததாகப் பல காலம் எல்லாரும் நம்பினார்கள். டெக்ஸாஸ் ஆனி மூர் இலினாயில் பிறந்த வேறொரு பெண் என்பது 2006-இல்தான் வெளிவந்தது. உண்மையான ஆனி நியூயார்க்கை விட்டுப் போகாமல் அங்கேயே வாழ்ந்து 1924-இல் இறந்திருந்தார். இவ்வளவு புகழ்பெற்ற ஆளுக்கே இந்தக் கதி என்றால் நம் வீட்டுப் பாட்டி எம்மாத்திரம்.

முதற்பெயரும் குழப்பும். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி பெயர் என்று வைக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்று சொல்லும் நமக்கு இதைப் பாடம் நடத்த வேண்டாம். விளைவு: நாலு அண்ணன் தம்பிகளுக்கும் அவரவர் மூத்த மகன் ஒரே பெயரில், ஒரே ஊரில், ஏறக்குறைய ஒரே வயதில் இருப்பான். பிரிட்ஜெட் என்ற பெண் அமெரிக்காவில் டீலியா ஆகியிருப்பாள். பதிவேட்டில் ஹனோரா என்று இருப்பவள் வீட்டில் நோரா. பாதிரியார் லத்தீனில் எழுதினால் ஜேம்ஸ் யாக்கோபுஸ் ஆகிவிடுவார். ஞானப்பெற்றோர் பெயரை விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மாமா, சித்தி முறையாகத்தான் இருப்பார்கள். உங்கள் ஜேம்ஸ் எந்த ஜேம்ஸ் என்பதை அவர்கள்தான் பிரித்துக் காட்டுவார்கள்.

வயதை நம்பவே நம்பாதீர்கள். பாட்டியின் அப்பாவுக்கு 1901 கணக்கெடுப்பில் 55. 1911-இல் 70. பத்து வருடத்தில் பதினைந்து வயது! பொய் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் தன் வயது பலருக்கே தெரியாது. ஆனால் நடுவில் 1909 ஜனவரியில் முதியோர் ஓய்வூதியம் வந்தது, எழுபது வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை. நாடு முழுக்கக் கிழவர்கள் திடீரென்று கூடுதலாகக் கிழவர்கள் ஆனார்கள். பிறப்புப் பதிவிலும் இப்படி ஒன்று உண்டு. காலம் கடந்து பதிந்தால் அபராதம் என்பதால் பிறந்த தேதியைத் தள்ளிச் சொல்லிவிடுவார்கள். பிள்ளை பிறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே ஞானஸ்நானம் நடந்ததாகப் பதிவு கிடைத்தால் பதறாதீர்கள்.

கடைகளில் 'உங்கள் குடும்பச் சின்னம்' என்று தொங்கும் கேடயங்களைப் பற்றி ஒரு வரி. அந்தச் சின்னங்கள் ஒரு தனி மனிதருக்கும் அவர் வழியினருக்கும் வழங்கப்பட்டவை, அந்தப் பெயர்கொண்ட எல்லாருக்கும் உரியவை அல்ல. சம்பந்தியம்மா கார்க்கில் ஒன்று வாங்கினார். இப்போது அது மருமகன் வீட்டுக் கார் நிறுத்தும் அறையில் இருக்கிறது.

எந்தச் சபை, எல்லைக்கு எந்தப் பக்கம்

ஐரிஷ் என்றால் கத்தோலிக்கர் என்று முடிவுகட்டிவிட்டுத் தேடுவது இன்னொரு பெரிய தவறு. திருநெல்வேலிக்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். இடையன்குடி கால்டுவெல் 1814-இல் பிறந்தது ஆன்ட்ரிம் கவுண்டியில். பெற்றோர் ஸ்காட்லாந்து வழி பிரெஸ்பிட்டேரியன் சபையினர். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் 1867-இல் டவுன் கவுண்டியின் மில்லைல் கிராமத்தில் பிறந்தவர், அவரும் அதே சபைக் குடும்பம். இவர்களைப் போன்றவர்களைக் கத்தோலிக்கப் பதிவேட்டில் தேடினால் ஆயுசுக்கும் கிடைக்க மாட்டார்கள். சபை எது என்று தெரிந்தால் எந்தப் பதிவேடு, எந்த ஊர்க் காப்பகம் என்பதும் தெரிந்துவிடும்.

ஆன்ட்ரிமும் டவுனும் இன்று வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளில் இரண்டு. அயர்லாந்து இரண்டாகப் பிரிந்து, வட அயர்லாந்து பிரிட்டனோடு நின்ற பிறகு அங்கே காப்பகம் தனி, பதிவகம் தனி. பெல்ஃபாஸ்ட் டைட்டானிக் குவார்ட்டரில் இருக்கும் பொது ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பார்க்கக் கட்டணம் இல்லை, அடையாள அட்டை போதும். பிறப்பு இறப்புப் பதிவுகளை இணையத்தில் பார்க்க அங்கே காசு கட்ட வேண்டும்.

எல்லையில் சோதனைச் சாவடி கிடையாது. சாலைப் பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறும், யூரோ பவுண்டாகும், அவ்வளவுதான். ஆனால் சட்டப்படி அது வேறு நாடு. அமெரிக்கக் குடிமக்கள் 2025 ஜனவரியிலிருந்து பிரிட்டனின் மின்னணுப் பயண அனுமதி வாங்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் என் போன்றவர்களுக்கு அயர்லாந்து விசா வட அயர்லாந்துக்குத் தானாகச் செல்லாது. இரு நாட்டுக்கும் பொதுவான விசாத் திட்டத்தின் முத்திரை விசாவில் இருக்கிறதா என்று பாருங்கள். "யார் கேட்கப்போறாங்க" என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். சாலையில் யாரும் கேட்காமல் இருக்கலாம், சிக்கினால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

குடியுரிமைக் கனவோடு போகிறவர்களுக்கும் ஒரு சொல். தாத்தா பாட்டியில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்திருந்தால் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயர் சேர்த்துக் குடியுரிமை பெறலாம். அதனால் சம்பந்தியம்மாவுக்கு வழி இருக்கிறது. என் மருமகனுக்கு இல்லை. அவன் பிறப்பதற்கு முன்பே அவன் அம்மா பதிந்திருக்க வேண்டும். "ஏம்மா முன்னாடியே செய்யல?" என்று அவன் கேட்டதும், அதற்கு அவர் பார்த்த பார்வையும் இங்கே வேண்டாம்.

ஊருக்குள் போகும்போது

பங்குத் தந்தை வீட்டு வாசலில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்று பதிவேட்டைக் கேட்காதீர்கள். இப்போதெல்லாம் ஒரே குருவானவர் இரண்டு மூன்று பங்குகளைப் பார்க்கிறார். ஒரு மாதம் முன்பே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் வாசலில் நின்றால் அலுவலகத்தில் கிடைப்பதைவிட அதிகம் கிடைக்கும். மேயோவில் வடக்குப் பகுதிக்கு கிராஸ்மொலினா பக்கத்திலும் தெற்குப் பகுதிக்கு பாலின்ரோப்பிலும் குடும்ப வரலாற்று மையங்கள் இருக்கின்றன. கட்டணம் உண்டு, அவர்களுக்கும் முன்கூட்டியே எழுதிவிட்டுப் போவது நல்லது.

கிராமத்து வீடுகளுக்குக் கதவு எண்ணோ தெருப் பெயரோ இருக்காது. 2015-இல் வந்த ஏர்கோட் என்ற ஏழு எழுத்துக் குறியீடு இல்லையென்றால் வழிகாட்டிச் செயலி உங்களை யாரோ ஒருவர் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குக் கொண்டுபோய் விடும். நடுவில் புல் முளைத்த ஒற்றைத் தடச் சந்துகளை போரீன் என்பார்கள். எதிரே டிராக்டர் வந்தால் பின்னோக்கி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். இடப்பக்கம் ஓட்டுவதால் நமக்குப் பழக்கம்தான், அமெரிக்க மருமகனுக்குக் கை நடுங்கியது. கார் சின்னதாக எடுங்கள்.

பாழடைந்த கல் வீட்டைப் பார்த்ததும் வேலி தாண்டி ஓடுவது எல்லாரும் செய்யும் தவறு. அது இன்னொருவர் நிலம். காளை மேய்ந்துகொண்டிருக்கலாம். அனுமதி கேளுங்கள், கதவை எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே மூடிவிட்டுப் போங்கள். நிலம் அங்கே ரொம்ப நுட்பமான விஷயம். குத்தகைக்காரர்களைக் கூட்டம் கூட்டமாக வெளியேற்றிய வரலாறு உள்ள ஊரில், அமெரிக்காவிலிருந்து வந்தவர் வீட்டையே வெறித்துப் பார்த்தால், "இவங்க எதுக்கு வந்திருக்காங்க?" என்று தோன்றத்தான் செய்யும். உரிமை கேட்டு வரவில்லை என்பதை முதல் இரண்டு நிமிடத்திலேயே புரியவைத்துவிட வேண்டும்.

இடிந்து கிடப்பதெல்லாம் பஞ்சத்தில் செத்தவர்கள் வீடும் இல்லை. மேயோவைச் சேர்ந்த அக்கில் தீவில் ஸ்லீவ்மோர் மலையடிவாரத்தில் எண்பது, நூறு கூரையில்லாக் கல் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பேருந்தில் வருகிறவர்கள் பஞ்ச கிராமம் என்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். மக்கள் குடிபோன பிறகும் கோடை மேய்ச்சலுக்கு வந்து தங்கும் இடமாக அது பல காலம் இருந்திருக்கிறது. அதற்காகப் பஞ்சத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. 1841-இல் மேயோவில் சுமார் 3,89,000 பேர் இருந்தார்கள். 2022-இல் சுமார் 1,38,000 பேர்தான். இதைத் தெரிந்துகொண்டு போனால், அந்த வெட்டவெளி உங்களுக்கு வெறும் அழகான காட்சியாகத் தெரியாது. பஞ்சத்தைப் பற்றியும், 'சூப் குடித்தவர்கள்' பற்றியும் வேடிக்கை பேச வேண்டாம். கஞ்சிக்காக மதம் மாறியவர்கள் என்று பட்டம் கட்டிய சொல் அது. அதே அக்கில் தீவில் 1831-இல் தொடங்கிய புராட்டஸ்டன்ட் மிஷன் குடியிருப்பைச் சுற்றி எழுந்த கசப்பு லேசில் தீரவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் பெரிய எதிர்பார்ப்பு வைக்காதீர்கள். ஏழைக் குத்தகைக்காரர்களுக்குப் பெயர் வெட்டிய கல் வைக்க வசதி ஏது? வயலில் கிடந்த கல்லை நட்டிருப்பார்கள், யாருடையது என்று ஊர்ப் பெரியவர்களுக்கு மட்டும் தெரியும். எழுத்துத் தெரியவில்லை என்று கம்பி பிரஷ், பிளீச்சிங், ஷேவிங் நுரை எதையும் கல்லில் போடக் கூடாது. சாயும் வெயிலில், இல்லையென்றால் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் தேய்ந்துபோன எழுத்தும் எழும்பித் தெரியும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று ஊர் என்று திட்டம் போடாதீர்கள். நாங்கள் அந்தப் பக்கத்து வீட்டைக் கண்டுபிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. மதியச் சாப்பாட்டுக்கு வெஸ்ட்போர்ட், சாயங்காலம் கால்வே என்று மருமகன் நேர அட்டவணை வைத்திருந்தான். கதவைத் திறந்த பாட்டியம்மாவுக்கு எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும். டீ வேண்டாம் என்று மருமகன் சொன்னான். நான் அவன் காலை மிதித்தேன். வேண்டாம் என்றால் இன்னும் இரண்டு தடவை கேட்பார்கள், கடைசியில் குடிக்கத்தான் போகிறோம். டிஎன்ஏ பரிசோதனைப் பெட்டி ஒன்றையும் அவன் பையில் வைத்திருந்தான். முதல் சந்திப்பில் ஒருவரிடம் எச்சில் துப்பித் தரச் சொல்ல முடியுமா? அதை வெளியே எடுக்கவே விடவில்லை.

சம்பந்தியம்மா கொண்டுவந்திருந்ததில் உருப்படியானது, பழைய குடும்பப் படங்களின் அச்சுப் பிரதி. போனில் காட்டுவதை வயதானவர்கள் சரியாகப் பார்ப்பதில்லை, கையில் கொடுத்துவிட்டு வருவதற்கும் ஏதாவது வேண்டும். 1920-களில் பாஸ்டனில் எடுத்த படம் ஒன்றை அந்தப் பாட்டியம்மா ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்த்தார். "மூக்கு அந்த வீட்டு மூக்குதான்" என்றார். எழுந்து போய் அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்துவந்தார். அதில் பாஸ்டன் முத்திரை போட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் ஆறு இருந்தன. அந்த வீடு கைமாறியபோது உள்ளே கிடந்ததாம், வீசிவிட மனசு வராமல் அவருடைய மாமியார் எடுத்து வைத்தாராம். நாங்கள் கால்வே போய்ச் சேர்ந்தபோது இரவு பத்தேகால், ஓட்டலில் சமையல்கட்டை மூடியிருந்தார்கள்.